நாலு பேர் முன்னால்: சமூகப் பதற்றத்தைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன் அடிக்கிறது. தெரிந்த பெயர்தான், நம்மிடம் கடுமையாகப் பேசக்கூடியவரும் இல்லை. ஆனாலும் கை நீளவில்லை. அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து "வேலையாக இருந்தேன், என்ன விஷயம்?" என்று ஒரு மெசேஜ். இதை நான் பத்து வருடத்துக்கு மேல் செய்திருக்கிறேன். போன் மட்டுமில்லை. தெரிந்தவர் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். கூட்டங்களில் ஒவ்வொருவராகத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது, என் முறை வருவதற்குள் என் சொந்தப் பெயரையே மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். மற்றவர்கள் சொன்ன பெயர் ஒன்றுகூடக் காதில் ஏறியிருக்காது.

அத்தனை வருடமும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் பயம் போகட்டும், அப்புறம் பேசலாம் என்று. வரிசை உண்மையில் தலைகீழ். பயத்தோடேயே பேசி, நினைத்த விபரீதம் நடக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பயம் இறங்கத் தொடங்கும். அப்படிப் பார்ப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூச்சுப் பயிற்சியும் வரும், ஆனால் பின்னால்தான் வரும்.

கூச்சமா, பதற்றமா?

புதியவர்களிடம் முதல் பத்து நிமிடம் அடங்கி இருந்துவிட்டு அப்புறம் சகஜமாகிவிடுகிறவருக்கு இருப்பது கூச்ச சுபாவம். அதற்கு வைத்தியம் தேவையில்லை. தனிமையை விரும்புகிறவர் இன்னொரு ரகம். விசேஷத்துக்குப் போகாமல் வீட்டில் இருப்பது அவருக்குச் சுகம். சமூகப் பதற்றம் உள்ளவருக்கோ போக ஆசை இருக்கும். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நிம்மதியும் அவமானமும் ஒன்றாக வரும். அந்தக் கலவை உங்களுக்குப் பழக்கமானது என்றால் மேலே படியுங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இது தனிப் பெயரோடு இடம்பெற்றது 1980-இல்தான். இன்றைய வரையறை சுமாராக இது: மற்றவர்கள் நம்மைக் கவனித்து எடைபோடக்கூடிய சூழல்களில் வரும் அச்சம், அந்தச் சூழலில் இருக்கும் நிஜமான ஆபத்துக்குப் பொருந்தாத அளவு, பொதுவாக 6 மாதமோ அதற்கு மேலோ நீடிப்பது, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ பாதிப்பது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பலர் இதைத் தங்கள் குணம் என்றே நினைத்துவிடுகிறார்கள். இது இல்லாமல் தாங்கள் எப்படி இருந்தார்கள் என்பதே அவர்களுக்கு நினைவில்லை.

பயம் எப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இது புரியாமல் பயிற்சியில் இறங்கினால் வருடக்கணக்கில் கூட்டங்களுக்குப் போய்வந்தும் பயம் அப்படியே இருக்கும். எனக்கு அதுதான் நடந்தது.

1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். அதை என் மொழியில் சொல்கிறேன். ஒரு மீட்டிங்கில் உங்களிடம் திடீரென்று கருத்து கேட்கிறார்கள். அந்த நொடியில் கவனம் உள்பக்கம் திரும்பிவிடுகிறது. முகம் சுடுகிறது, நாக்கு உலர்கிறது, குரல் நடுங்குவது போல இருக்கிறது. இப்போது எதிரே இருப்பவர்களின் முகம் உங்களுக்குத் தெரிவதில்லை. உடம்புக்குள் நடப்பதை வைத்து வெளியே நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்று மனம் ஒரு படம் வரைகிறது. உள்ளே நெருப்பாக இருப்பதால், வெளியே தக்காளி மாதிரி சிவந்திருக்கிறோம் என்று முடிவாகிறது. அந்தப் படத்தை யாரும் சரிபார்ப்பதில்லை.

அடுத்து, தற்காப்பு வேலைகள். கண்ணைப் பார்க்காமல் பேசுவது, சீக்கிரம் முடித்துவிட வேகமாகப் பேசுவது, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதில் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்வது, போனை நோண்டுவது, கை நடுக்கம் தெரியாமலிருக்கக் கோப்பையை இறுகப் பிடிப்பது, வியர்வையை மறைக்க மேலே இன்னொரு சட்டை போடுவது. இவை செய்யும் துரோகம் இரண்டு விதம். ஒன்று, கூட்டம் நன்றாகவே முடிந்தாலும் "தலை குனிந்து இருந்ததால் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும்; தப்பிக்க எதுவுமே இல்லை என்பது தெரியாமலே போகும். இரண்டு, எதற்குப் பயந்தோமோ அதையே இவை கொண்டுவரும். இறுகப் பிடித்த கை இன்னும் நடுங்கும். கூடுதல் சட்டையால் இன்னும் வியர்க்கும். பழைய வேலையிடத்தில் ஒருவர் நன்றாகப் பழகிய பிறகு என்னிடம் சொன்னார்: "ஆரம்பத்தில் உன்னைப் பெரிய கர்வக்காரன் என்று நினைத்தேன்." அவமானப்படக் கூடாது என்றுதான் நான் முகம் கொடுக்காமல் இருந்தேன்.

மூன்றாவது, பிரேதப் பரிசோதனை. வீட்டுக்கு வந்து, விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து அறுத்துப் பார்ப்பது. அடுத்த கூட்டத்துக்கான பயம் அங்கேதான் தயாராகிறது.

நாம் நினைக்கும் அளவுக்கு நாலு பேர் நம்மைப் பார்ப்பதில்லை என்பதை 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு வேடிக்கையான முறையில் காட்டியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடனிருந்தவர்களும், கல்லூரி வயதினர் போட்டுக்கொள்ள வெட்கப்படும் ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டை ஒவ்வொரு தடவையும் ஒரு மாணவருக்குப் போட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் சுமார் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று டி-ஷர்ட் போட்ட மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தது சுமார் கால்வாசிப் பேர்.

முதல் படி: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஒரு வாரம் குறிப்பு மட்டும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கு விஷயம்: சூழல் என்ன, என்ன நடந்துவிடும் என்று பயந்தேன், தற்காப்புக்கு என்ன செய்தேன், கடைசியில் என்ன நடந்தது. தவிர்த்துவிட்ட சம்பவங்களையும் எழுதுங்கள். எடுக்காத போனும் ஒரு சம்பவம்தான்.

மூன்றாவது கேள்விக்குத்தான் விடை சுலபத்தில் கிடைக்காது. தற்காப்பு வேலைகள் பழகிப்போய் நம் இயல்பு போலவே ஆகியிருக்கும். எதிராளியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்பது எனக்குப் பல வருடம் நல்ல குணமாகத் தெரிந்தது. என்னைப் பற்றிப் பேச வேண்டி வராமல் பார்த்துக்கொள்ளும் வித்தை அது என்பது எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

இரண்டாம் படி: பயத்தைச் சோதிக்கக்கூடிய வாக்கியமாக மாற்றுங்கள்

"எல்லோரும் என்னைக் கேவலமாக நினைப்பார்கள்" என்பதைச் சோதிக்க முடியாது. அடுத்தவர் மண்டைக்குள் போய்ப் பார்க்க வழியில்லை. "நான் கேள்வி கேட்டால் குறைந்தது இரண்டு பேர் சிரிப்பார்கள்", "பேச்சு நின்றுபோனால் அவர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து போய்விடுவார்" என்பவை சோதிக்கக்கூடியவை. நடந்ததா இல்லையா என்று பார்வையாளர் ஒருவரால் சொல்ல முடியும். நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று நூற்றுக்கு ஓர் எண்ணும் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு அந்த எண்ணைத் திரும்பிப் பாருங்கள்.

நேர்மறையாக நினைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். "நான் அருமையாகப் பேசுவேன்" என்று கண்ணாடி முன்னால் நூறு முறை சொல்லிவிட்டுப் போனால், முதல் தடுமாற்றத்திலேயே அது உடைந்துவிடும்.

மூன்றாம் படி: ஏணி கட்டுங்கள்

பயப்படும் சூழல்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, குறைவானதிலிருந்து அடுக்குங்கள். போனும் கூட்டமும் பிரச்சினையாக இருந்த எனக்கு ஏணி ஏறக்குறைய இப்படி இருந்தது:

- நெருங்கிய நண்பருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போன் செய்வது: 25
- ஒரு நூலகத்தைப் போனில் அழைத்து, மூடும் நேரம் கேட்பது: 35
- மெசேஜில் முடிந்துவிடும் விஷயத்தைச் சக ஊழியரிடம் போனில் கேட்பது: 45
- பக்கத்தில் ஆட்கள் காதில் விழும் தூரத்தில் இருக்கும்போது போன் பேசுவது: 60
- மீட்டிங்கில் ஒரு கேள்வி கேட்பது: 70
- தயாரிக்காமல் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்வது: 85

30, 40 மதிப்பெண்ணில் தொடங்கலாம். அதற்கு ரொம்பக் கீழே தொடங்கினால் சோதிக்க எதுவும் இருக்காது; நேரே 85-க்குத் தாவினால் பாதியில் ஓடிவந்து பயத்துக்கு உரம் போடுவீர்கள். ஒரே படியை ஒரே வாரத்தில் பல தடவை செய்யுங்கள். மாதம் ஒரு முறை செய்வதில் பலன் குறைவு, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவது போலாகிவிடும்.

ஏணியைவிட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. படி ஏறும்போது தற்காப்பு வேலையை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட முடியாது, சரி; ஒரு நேரத்தில் ஒன்று. இந்த வாரம் எழுதி வைக்காமல் போன் செய்வது. அடுத்த வாரம் பேசும்போது நடந்துகொண்டே இருக்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுவது.

அப்புறம், பயம் வந்துவிட்டதே என்பது தோல்வி அல்ல. "பதறாமல் செய்தேனா?" என்று கேட்டுக்கொண்டால் எப்போதும் தோற்போம். நீங்கள் எழுதிய விபரீதம் நடந்ததா என்பது மட்டுமே கேள்வி.

நான்காம் படி: கவனத்தை வெளியே திருப்புங்கள்

ஒன்றே ஒன்றைத்தான் பழக நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

நம்பிக்கையான ஒருவரோடு இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் பேசுங்கள். அந்த நேரம் முழுக்க வேண்டுமென்றே உங்களையே கவனியுங்கள், குரல் எப்படி இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று. வழக்கமான தற்காப்பு வேலைகளையும் செய்யுங்கள். பிறகு இன்னொரு ஐந்து நிமிடம். இந்த முறை தற்காப்பை விட்டுவிட்டு, அவர் சொல்வதில் மட்டும் கவனம். முடிந்ததும் எது எளிதாக இருந்தது என்று நீங்களும், எந்தப் பேச்சு நன்றாக இருந்தது என்று அவரும் சொல்லுங்கள். பதற்ற சிகிச்சையில் இது வழக்கமாகச் செய்யும் சோதனை. பல பேருக்கு இதுதான் முதல் திருப்பம், ஏனென்றால் இத்தனை நாள் தன்னைக் காப்பாற்றுவதாக நினைத்த கண்காணிப்புதான் பேச்சைக் கெடுத்திருக்கிறது என்று தெரிகிறது.

தனியாகவும் பழகலாம். நடக்கும்போது ஒரு நிமிடம் சத்தங்களை மட்டும், இன்னொரு நிமிடம் நிறங்களை மட்டும் கவனிப்பது. பாட்டில் ஒரே ஒரு வாத்தியத்தைத் தொடர்ந்து போவது. கவனத்தை ஓரிடத்திலிருந்து பிடுங்கி இன்னோரிடத்தில் வைக்கும் தசை அதில் வளரும். பேச்சின்போது கவனம் உள்ளே ஓடியதை உணர்ந்தால், எதிரே இருப்பவர் கடைசியாகச் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பி வாருங்கள். பத்து தடவை ஓடினால் பத்து தடவை. ஓடியதற்காகத் திட்டிக்கொண்டால் அதுவும் உள்ளே பார்ப்பதுதான்.

அடுத்தவர் பேச்சில் கவனம் இருந்தால் "அடுத்து என்ன பேசுவது?" என்ற பெரிய கவலையும் பாதி தீர்ந்துவிடும். வீடு மாறியதைப் பற்றி அவர் சொல்கிறார் என்றால், அடுத்த கேள்வி அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஐந்தாம் படி: தெரிந்தே சின்னத் தப்பு செய்யுங்கள்

தப்பே நடக்காமல் பார்த்துக்கொள்வதில் நாம் நிபுணர்கள். அதனால் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் நமக்குத் தெரியாது. ஒரு வார்த்தையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித் திருத்துங்கள். பேச்சின் நடுவே ஐந்து விநாடி மௌனமாக இருங்கள். வழி கேட்டுவிட்டு, புரியவில்லை என்று மறுபடி கேளுங்கள். கைக்குட்டையைக் கீழே போட்டு நிதானமாக எடுங்கள். யாருக்கும் தொந்தரவு தராத, ஆனால் உங்களுக்கு வெட்கமாக இருக்கும் எதுவும் பொருந்தும்.

உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் இதை ஒரு சிகிச்சை முறையாகவே ஆக்கினார். ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரை உரக்கக் கூவச் சொல்வார். அதற்கான விதை அவருடைய 19-ஆம் வயதில் விழுந்தது. பெண்களிடம் பேசவே நடுங்கிய அவர், நியூயார்க்கின் தாவரவியல் பூங்கா ஒன்றில் ஒரு மாதம் தினமும் போய், பெஞ்சில் தனியாக இருந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார். அவரே சொன்ன கணக்கு: 130 பேரில் 30 பேர் எழுந்து போனார்கள், 100 பேர் பேசினார்கள், ஒரே ஒருவர் மறுபடி சந்திக்கச் சம்மதித்தார், அவரும் வரவில்லை. முழுத் தோல்வி. ஆனால் யாரும் அடிக்கவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை, பயம் போய்விட்டது. தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களை இப்படி அணுகுவது இன்று மரியாதையாக இருக்காது. கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: உடம்பு

படபடப்பு ஆபத்தானது அல்ல. அட்ரினலின் இதயத்தை வேகமாக ஓட்டுகிறது, வியர்க்க வைக்கிறது, வாயை உலர்த்துகிறது, அவ்வளவுதான். அதை அடக்கப் பார்த்தால் இன்னும் அதிகமாகும். மூச்சை உள்ளிழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவது, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, உள்ளே போவதற்கு முன்னால் உதவும். பேசிக்கொண்டிருக்கும்போது எண்ணிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு தற்காப்பு வேலையாகிவிடும்; அதனால்தான் இதைப் பின்னால் தள்ளி வைத்தேன்.

2014-இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். உற்சாகத்திலும் இதயம் இப்படித்தான் அடிக்கும் என்பதால் உடம்பு அதை ஒத்துக்கொள்கிறது. இன்னொரு விஷயம்: உள்ளே இருக்கும் நடுக்கம் நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பியபோது மேடையில் பேசியவர்கள் மேலும் நன்றாகப் பேசியதாக, கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003-இல் காட்டினார்கள்.

காபி அதிகம் குடிப்பவர் என்றால் முக்கியமான நாளில் குறைத்துப் பாருங்கள். அது தரும் படபடப்பும் பயத்தின் படபடப்பும் உடம்புக்கு ஒன்றுதான். "ஒரு பெக் போட்டால் சரளமாகப் பேசுவேன்" என்பதும் தற்காப்புதான், எல்லாவற்றிலும் மோசமானது. கற்றது அனைத்தையும் மனம் மதுவின் கணக்கில் எழுதிவிடும்.

ஏழாம் படி: பிரேதப் பரிசோதனையை நிறுத்துவது

"நினைக்காதே" என்று சொன்னால் மனம் கேட்காது. அதற்குப் பதில் நேரம் ஒதுக்குங்கள்: பத்து நிமிடம், காகிதத்தில், கேமராவில் பதிவாகியிருக்கக்கூடியதை மட்டும். "அவர் ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார்" எழுதலாம். "அவருக்குச் சலித்துவிட்டது" எழுதக் கூடாது. பிறகு முதலில் எழுதிய கணிப்போடு ஒப்பிட்டு மூடிவிடுங்கள். ராத்திரி மறுபடி ஓட ஆரம்பித்தால் "எழுதியாகிவிட்டது" என்று சொல்லி, கையை வேறு வேலையில் ஈடுபடுத்துங்கள்.

எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஒரு முடிவு இங்கே கைகொடுக்கும். முதல் முறை பேசிக்கொண்ட இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டால், எதிராளி தன்னை எவ்வளவு விரும்பினார் என்பதைப் பெரும்பாலும் இருவருமே குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பேச்சு முடிந்து நீங்கள் கவலையோடு வீட்டுக்குப் போகும் அதே நேரத்தில், அவரும் அதே கவலையோடு போய்க்கொண்டிருக்கலாம்.

எப்போது உதவி தேட வேண்டும்

வேலையை விட்டுவிடும் அளவுக்குப் போயிருந்தால், படிப்பு நின்றுபோயிருந்தால், மனச்சோர்வு சேர்ந்திருந்தால், மது தேவைப்பட்டால், தனியாக முயற்சி செய்து இரண்டு மூன்று மாதத்தில் அசைவே இல்லை என்றால், தேர்ந்தவரிடம் போங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் காத்திருக்காமல் இன்றே யாரிடமாவது சொல்லி, மருத்துவரைப் பாருங்கள்.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு முதலில் பரிந்துரைப்பது, இதற்கென்றே வடிவமைத்த தனிநபர் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (சி.பி.டி.), அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை. அது வேண்டாம், மருந்துதான் வேண்டும் என்பவருக்கு எஸ்சிடாலோபிராம் அல்லது செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள். இவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. மேடைப் படபடப்புக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் என்ற மாத்திரை பிரபலம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து, நண்பரிடம் வாங்கிப் போடும் மாத்திரை அல்ல.

போனில் பேசவே பயம் என்பவர், சிகிச்சைக்கு நேரம் கேட்கவும் போனில்தான் பேச வேண்டியிருப்பது ஒரு கொடுமை. மின்னஞ்சலில் கேட்கலாம். நேரில் வாய் வரவில்லை என்றால், எழுதி எடுத்துப் போய் அப்படியே நீட்டிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன், அவர் வியப்படையவில்லை. முதல் சந்திப்பில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "பயப்படும் சூழல்களில் நேரடிப் பயிற்சி இருக்குமா?" பேசிப் பேசியே காலம் போகும் என்றால் வேறொருவரைப் பார்க்கலாம்.

உடன் இருப்பவர்களுக்கு

"இதில் என்ன இருக்கு, சும்மா பேசு" என்று சொல்லாதீர்கள். அவருக்குப் பதிலாக நீங்களே பேசியும் முடிக்காதீர்கள். அன்பாகத் தெரியும், ஆனால் அதுவும் அவருக்கு ஒரு தற்காப்பு. அவர் ஏணியில் எந்தப் படியில் இருக்கிறார் என்று கேட்டு, பக்கத்தில் நின்றால் போதும்.

பழையபடி ஆகும்போது

ஆகும். காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்தாலோ, புது வேலைக்கு மாறினாலோ, ஒரு கூட்டம் நிஜமாகவே சொதப்பினாலோ பயம் திரும்பி வரும். அப்போது ஏணியில் இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். முதல் முறை மாதங்கள் ஆனது இப்போது நாட்களில் முடியும். பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். என் முதல் நோட்டில் நூலகத்துக்குப் போன் செய்த பக்கம் இன்னும் இருக்கிறது. கணிப்பு: "முட்டாள்தனமான கேள்வி என்று கோபப்படுவார், 80." அதற்குக் கீழே, நடுங்கும் கையெழுத்தில்: "எட்டு மணி என்றார். வைத்துவிட்டார்."